பழைய வீட்டின் அமைப்பை மீட்கும்போது

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாகப்பிரிவினை குறித்து மஸ்அலா கேட்க வருவோரில் பலர், அண்மைக் காலமாக வேறொரு வினாவையும் உடன் கொண்டு வருகின்றனர். “ஹஜ்ரத், வாப்பா காலத்தில் நடுவில் எழுப்பிய சுவரை எடுத்துவிட்டுப் பழையபடி முற்றத்தைத் திறந்துவிடலாமா? நகராட்சியில் கேட்க வேண்டுமா?” என்கின்றனர். இன்று அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் பழைய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்புக் காரையில் எழுந்த தடித்த சுவர்கள், தெருவிலிருந்து உள்நோக்கி நீளும் அமைப்பு, நடுவே வானம் பார்த்த முற்றம், பின்னே அடுக்களையும் கிணற்றடியும். சகோதரர்கள் பிரிந்தபோது கூடத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. முற்றத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஏறியது. பகலிலும் விளக்கெரிக்கும் வீடுகளாக அவை மாறின. மீண்டும் திறந்துவிட வேண்டும் என்னும் எண்ணம் பாராட்டத்தக்கதே.

ஆயினும் முதலில் சுவர் யாருடையது என்று பார்க்க வேண்டும். வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் எழுத்தில் இருத்தல் அவசியம். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சகோதரிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை, ஏனோ, நான் நினைவூட்டிய பின்னரே பலரும் சொல்கிறார்கள்.

இனி சட்டத்திற்கு வருவோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரை மாற்றுதல், ஓடு மாற்றுதல், உள்ளே கதவு திறத்தல் போன்ற பராமரிப்புப் பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவது பராமரிப்பு ஆகாது. அது புதுக் கட்டடம். புதுக் கட்டடத்திற்குத் தெருவின் அகலத்திற்கேற்ப முன்புறம் இடம் விட வேண்டும். தொடர் கட்டடப் பகுதி என அறிவிக்கப்பட்ட தெருக்களில் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம். மற்ற இடங்களில் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. குறுகிய மனையில் பக்கவாட்டில் இடம் விட்டால் மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பாட்டனார் எழுப்பிய சுவர் நிற்கும் வரையில்தான் அந்தப் பழைய அமைப்பும் நிற்கும். 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டிற்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி வந்தது. வேலை எளிதாயிற்றே என்று சிலர் முழுவதையும் இடிக்கத் துணிகின்றனர். அனுமதி எளிதில் கிடைக்கலாம். பழைய அமைப்பு திரும்பக் கிடைக்காது.

மற்றொன்று, உயிர் தொடர்பானது. பிற்காலத்தில் எழுந்த சுவர்தானே என்று கொத்தனாரை அழைத்து ஒரே நாளில் உடைத்துவிடக் கூடாது. பழைய மச்சு, மரவிட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டது. விட்டத்தின் நுனியைக் கறையான் தின்றிருந்தால், இடையில் வந்த அந்தச் சுவரே பல ஆண்டுகளாக அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். மாடியில் பின்னர் கான்கிரீட் அறை கட்டியிருந்தால் அபாயம் மேலும் அதிகம். தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து, முட்டுக் கொடுத்து, அதன்பின்னரே கை வைக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உப்புக்காற்று வீசும் ஊரில் அது சுவரை அரித்துவிடும்.

அடுத்த வீட்டாரின் உரிமைக்கு வருகிறேன். ஒட்டியுள்ள சுவரில் அவர்களின் விட்டமும் ஊன்றியிருக்கலாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வீட்டார் 20 ஆண்டுகள் தடையின்றி, தம் உரிமையாக அனுபவித்த வெளிச்சமும் காற்றும் அவர்களின் உரிமையாகின்றன. நம் பழைய அமைப்பை மீட்கிறோம் என்று அவர்களின் சன்னலை அடைத்துவிட முடியாது. ஃபிக்ஹு நூல்களிலும் இது விரிவாகப் பேசப்பட்டுள்ளது. தூனிஸ் நகரத்துக் கொத்தனாரான இப்னுர் ராமி, 14ஆம் நூற்றாண்டில் சுவர், சன்னல், வடிகால் வழக்குகளுக்கென்றே ஒரு நூல் இயற்றினார். உஸ்மானியர் காலத்து மஜல்லாச் சட்டத் தொகுப்போ, பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவை பிறர் பார்வையில் படுவதைப் பெருந்தீங்காகவே கணக்கிடுகிறது. நம் வீடுகளின் அதே மூன்று இடங்கள்! ஆகவே ஆஸ்பெஸ்டாஸை எடுக்கும் முன், அண்டை வீட்டு மாடியிலிருந்து முற்றம் தெரியுமா என்று ஏறிப் பாருங்கள். தெரிந்தால் அவர்களுடன் பேசி மறைப்பு அமையுங்கள்.

திண்ணை பற்றிச் சிலருக்குக் கசப்பாகவே சொல்கிறேன். முன்னோர் கட்டிய திண்ணையாயினும் அது தெருவின் மீது அமைந்திருந்தால், அதை மீட்பது மீட்பு ஆகாது, ஆக்கிரமிப்பு. ஜனாஸா சுமந்து செல்லும்போது அந்தத் தெருக்களில் தோள்கள் எப்படி இடிபடுகின்றன என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

கடல் மேலேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு, விசாரிக்காமல் தொடங்காதீர்கள். திறந்த முற்றத்தில் விழும் நீரைத் தெருவில் விடாமல், மழைநீர் சேகரிப்புக் குழியில் இறக்க வேண்டும். 2003 முதல் இது தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இரு வீடுகள் ஒன்றாகும்போது இரண்டு சொத்துவரி எண்களையும் ஒன்றாக்க மனுச் செய்ய மறவாதீர்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம், அதிலுள்ள நான்கெல்லை விவரம், பழைய வரி ரசீது, வீட்டின் பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, இப்போதைய அமைப்பை அளந்து ஒரு வரைபடம் தயாரியுங்கள். வாரிசுரிமை தொடர்பான ஐயமிருப்போர் அவற்றுடன் அஸர் தொழுகைக்குப் பின் என்னைச் சந்திக்கலாம். சகோதரிகளையும் அழைத்து வாருங்கள். வஸ்ஸலாம்.