கணிதக் கல்வியும் கணிப்பொறித் திரையும்

பள்ளிப் பாடங்களுள் மாணவர் பெரிதும் அஞ்சுவது கணிதமே. ஒரு வகுப்பில் விளங்காது விட்ட கருத்து அடுத்த வகுப்பில் இருமடங்கு சுமையாகிவிடுகிறது. இணையத்தின் வழியே கிடைக்கும் படங்களும் பயிற்சிகளும் இச்சுமையைக் குறைக்குமா என்னும் வினாவுக்குக் கேரள மாநிலத்தின் அனுபவம் பயனுள்ள விடையைத் தருகிறது.

இம்முயற்சியின் தலைமையிடம் திருவனந்தபுரம். பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி, 2001ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கப்பெற்றது. 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளின் துணைகொண்டு இயங்கிய விக்டர்ஸ் கல்வி ஒளிபரப்பை, 2005 ஜூலை 28 அன்று அந்நாளைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இந்நகரில் தொடங்கி வைத்தார். 2017இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகள் மடிக்கணிப்பொறி முதலிய வசதிகளைப் பெற்றன. பாடத்துக்கு உரிய படங்களையும் காட்சிகளையும் ஆசிரியர்கள் பெறுவதற்குச் 'சமக்ரா' என்னும் இணையதளம் அமைக்கப்பட்டது.

கணிதத்தைப் பொறுத்தவரை, கேரளப் பள்ளிகளில் இடம்பெற்றுள்ள முதன்மையான கருவி ஜியோஜீப்ரா. ஆஸ்திரியா நாட்டில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய இம்மென்பொருள், கல்விப் பணிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இதன் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திரையில் ஒரு வட்டமும் அதன் விட்டமும் வரையப்படுகின்றன. வட்டத்தின் மேல் ஒரு புள்ளியைக் குறித்து, விட்டத்தின் இரு முனைகளோடும் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அப்புள்ளியை வட்டத்தின் மேல் எங்கு நகர்த்தினாலும், அங்குள்ள கோணம் 90 பாகையாகவே நிற்கிறது. கரும்பலகையில் ஒரு படத்தைத்தான் காட்ட முடியும். திரையிலோ எண்ணற்ற படங்கள் ஒரு நொடியில் தோன்றி மறைகின்றன.

ஆயினும், கண்டது வேறு; நிறுவியது வேறு. கோணம் ஏன் மாறவில்லை என்பதைத் திரை கூறாது. வட்ட மையத்திலிருந்து அப்புள்ளிக்கு ஓர் ஆரம் வரையுமாறு ஆசிரியர் தூண்ட வேண்டும். அப்போது இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் தோன்றும். ஒவ்வொன்றிலும் அடிக்கோணங்கள் சமம். ஆகவே வட்டத்தின் மேல் அமைந்த கோணம், பெரிய முக்கோணத்தின் ஏனைய இரு கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாகிறது. மூன்றும் சேர்ந்து 180 பாகை ஆதலால், அது 90 பாகை. இந்த 'ஏன்' என்னும் படி விடுபட்டால், மாணவன் மனப்பாடம் செய்த விதிக்குப் பதிலாக, கண்டு வியந்த காட்சியோடு நின்றுவிடுவான்.

மற்றொரு பாடத்தைப் பெருந்தொற்றுக் காலம் கற்பித்தது. 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் விக்டர்ஸ் ஒளிபரப்பில் தொடங்கியபோது, ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை எனக் கணக்கிடப்பட்டிருந்தது. உள்ளாட்சி அமைப்புகளும் நூலகங்களும் பொதுமக்களும் கைகொடுத்தே இக்குறையைக் களைய வேண்டியிருந்தது. இடுக்கி, பாலக்காடு போன்ற மாவட்டங்களில் தமிழ்வழி பயிலும் சிறார்க்கெனத் தமிழிலும் வகுப்புகள் தயாரிக்கப்பட்டன. கணக்கின் சொற்கள் தாய்மொழியில் அமையாவிடில் எளிய வினாவும் புதிராகிவிடும் என்பதால், இது சலுகை அன்று, தேவை.

எனவே கருவிகளை வழங்குவதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஆசிரியருக்குத் தொடர்ந்த பயிற்சி, பயிற்றுமொழியில் பாடப்பொருள், கருவியற்ற இல்லத்துக்கு மாற்று வழி ஆகிய மூன்றும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். எத்தனை வகுப்பறைகளில் திரை ஒளிர்கிறது என்பதைக் கணக்கிடுவது எளிது. எத்தனை மாணவர் 'ஏன்' என்று கேட்டு விடை காண்கின்றனர் என்பதே திட்டத்தின் உண்மையான அளவுகோல்.