கோதுமை ஆகாத பிள்ளையும் வெளியூர்ப் பயணமும்

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ போகிறோம். பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். வழியில் பசித்தால் ஏதாவது ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொள்ளலாம் என்று எண்ணித்தான் பேருந்து ஏறுகிறோம். ஆனால், கேட்டறியாமல் எதையும் வாயில் வைக்க முடியாத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ள நோயின் பெயர் சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி வீசி மெல்லிய துணியைப்போல் விரிக்கிறாரே, அது கிழியாமல் நீள்வதற்கு இந்தக் குளூட்டன்தான் காரணம். பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். மாவு கரைந்து போனபின், உறைந்த ரப்பர் பாலைப்போல் இழுபடும் ஒன்று கையில் மிஞ்சும். அதுவே குளூட்டன்.

சீலியாக் நோயுள்ள பிள்ளை இதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. வயிறு ஊதும், வயிற்றுப்போக்கு வரும், இரத்தம் குறையும், வளர்ச்சி தடைப்படும். குடற்புழு என்று எண்ணிப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும் பெற்றோரும் உண்டு.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை விளக்கியவர் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. கோதுமை ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில் நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமையின்மேல் முன்பே ஐயம் கொண்டிருந்த டிக்கே, 1950-இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்றுவரை இந்த நோய்க்கு உணவுக் கட்டுப்பாடே மருந்து. அதை ஆயுள் முழுதும் கடைப்பிடிக்க வேண்டும். ஐயம் இருந்தால் இரத்தச் சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

நமக்கு ஒரு நல்வாய்ப்பு, நாம் சோறு உண்பவர்கள். சோறு, இடியப்பம், அரிசிப் புட்டு, மரவள்ளிக்கிழங்கு, மீன், முட்டை, பருப்பு, பழம் இவற்றில் குளூட்டன் இல்லை. ஒட்டும் தன்மையுள்ள புலூட் அரிசியிலும் இல்லை. ரொட்டி, மீ, சப்பாத்தி, ரவை, சேமியா ஆகியவை கோதுமை என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் கோதுமையால் பெரிய ஆபத்து இல்லை. தெரியாமல் ஒளிந்திருக்கும் கோதுமையால்தான் ஆபத்து.

அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது? பீஹூன் அரிசியால் ஆனது, ஆனால் பிரட்டும்போது ஊற்றும் கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மைலோவில் பார்லி மால்ட் உண்டு. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு. உடம்புக்குக் குளிர்ச்சி என்று வாங்கிக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. நம் சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். தோசை அரிசி மாவாகவே இருந்தாலும், ரொட்டி சானாய் சுட்ட அதே கல்லில் வார்த்தால் கெடுதல்தான். மாவில் தோய்த்த கோழியைப் பொரித்த எண்ணெயில் மீனைப் பொரித்தாலும் அப்படியே.

கடைக்காரரிடம், “குளூட்டன் இருக்கிறதா?” என்று கேட்டால் அவருக்கு விளங்காது. “கோதுமை மாவு சேர்த்தீர்களா? கிச்சாப் ஊற்றினீர்களா? இந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மலாய்க் கடையானால், “அனாக் சாயா தாக் போலே மாக்கான் தெப்போங் கண்டும்” என்று சொல்லுங்கள். என் பிள்ளை கோதுமை மாவு சாப்பிடக்கூடாது என்று பொருள். பதில் தெளிவாக இல்லையென்றால் வெறும் சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். பொட்டல உணவானால் எழுத்தைப் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கூறுகின்றன. கண்டும், பார்லி, மால்ட் என்ற சொற்களைத் தேடுங்கள்.

இருந்தாலும், கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்கு இணை இல்லை. பெருங்காயம் சேர்க்காத புளிச்சோறு ஒரு நாள் பயணத்துக்குத் தாங்கும். அவித்த முட்டை, பழம், பொரி, வீட்டில் வறுத்த கடலை ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கென்று தனி மங்கும் கரண்டியும் இருக்கட்டும். உறவினர் வீட்டில் தங்கினால் ஒரு சிறு சட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைக்கு முதலில் சமைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குச் சமையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்று உண்டு. அதுதான் அன்பு. கல்யாண வீட்டில் அத்தை கேசரியை நீட்டி, “ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது” என்பார். அந்த ஒரு வாய் பிள்ளையின் குடலைப் புண்ணாக்கப் போதுமானது. வலி இன்றைக்கே தெரியாமலும் இருக்கலாம், கேடு நடக்கும். ஆகவே, புறப்படும் முன்பே உறவினருக்குச் செய்தி சொல்லிவிடுங்கள். “அத்தை, இது செல்லம் இல்லை, நோய். வைத்தியர் சொன்னது” என்று பணிவாகச் சொல்லுங்கள். வீட்டில் செய்த தேங்காய் பர்பியைக் கையோடு கொண்டு போனால், மற்றப் பிள்ளைகள் இனிப்புத் தின்னும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்காது.

பிள்ளைக்கும் பேசக் கற்றுக்கொடுங்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை, “இதில் கோதுமை இருக்கிறதா?” என்று கேட்கப் பழகிவிடும். கோயிலில் கேசரியைப் பிரசாதமாகக் கொடுத்தால், கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவட்டும். பக்தி குறைந்துவிடாது.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைத்துவிடும். தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் கொடுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்தப் பிள்ளைகளை வீட்டோடு முடக்கி வைக்கத் தேவையில்லை. தூக்குச் சட்டியில் சோறும், கேட்கத் தயங்காத வாயும் இருந்தால் எல்லாரோடும் அவர்களும் ஊர் பார்க்கலாம்.