பம்பாயை விட்டுக் கிளம்பலாமா?

(கோவண்டியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பெரிய நகரங்களில் வசிப்பதில் உள்ள கஷ்டங்களைப் பற்றியும், சின்ன ஊர்களுக்குக் குடிபோவதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். கஷ்டங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கைத் தாண்டி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவே அரை உபன்யாசம். ஆகவே எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். என் மனைவி முன்வரிசையில் இருக்கிறாள். நான் கூட்டிச் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவாள்.

இதே கோவண்டியில் 1983 முதல் 2017 வரை 34 வருஷம் இருந்தேன். அதற்கு முன் மாட்டுங்காவில் நாலு பிரம்மசாரிகள் ஓர் அறையில். சாப்பாடு ராமா நாயக்கில். இப்போது ஜாகை மாயவரம். அந்த ஊர் 1982-லேயே மயிலாடுதுறை ஆகிவிட்டது. பம்பாயும் 1995-ல் மும்பை ஆகிவிட்டது. என் வாயில் இரண்டும் பழைய பேரிலேயே வருகின்றன. மன்னிக்கவேண்டும்.

நான் இங்கே வந்தபோது ஹார்பர் லைன் மான்குர்தோடு முடிந்துவிடும். அடுத்த ஸ்டேஷனான கோவண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஃபோர்ட் ஆபீசுக்குப் போவதற்குள் சஹஸ்ரநாமம் முடித்துவிடுவேன். 1992-ல் ரயில் கடற்கழியைத் தாண்டி வாஷிக்குப் போயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து கோவண்டிக்கு வரும்போதே வண்டி நிரம்பியிருக்கும். சஹஸ்ரநாமம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ராம ராம என்பதோடு சரி.

நகரத்தின் நெரிசலைக் குறைக்கத்தான் அந்தப் புது ஊரையே கட்டினார்கள். சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய மூவரும் 1965-ல் சொன்ன யோசனை. 1970-ல் சிட்கோ வந்தது. அரசாங்க அலுவலகங்களும் அக்கரைக்குப் போகவேண்டும் என்பது திட்டத்தின் உயிர். தலைமைச் செயலகம் நரிமன் பாயிண்ட் பக்கத்திலேயே இருந்துவிட்டது. நம்மவர்கள் வாஷியிலும் நெருலிலும் வீடு வாங்கினார்கள், வேலை ஃபோர்ட்டிலேயே இருந்தது. வீடு தள்ளிப் போயிற்று, ரயில் நீண்டது. வேலையை நகர்த்தாமல் வீட்டை மட்டும் நகர்த்தினால் இவ்வளவுதான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

ரயிலையாவது பொறுத்துக்கொண்டேன். காற்று அப்படியில்லை. தேவனார் குப்பைமேடு 1927-ல் ஆரம்பித்தது. நூறு வருஷக் குப்பை, மலைபோல் நிற்கிறது. மேற்குப் பக்கம் காற்று திரும்பினால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். என் மனைவிக்கு வீசிங். 2009-ல் டாக்டர் ஒருவர், மருந்து நான் கொடுக்கலாம், காற்றை நான் கொடுக்கமுடியாது, ஊர்ப்பக்கம் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் நான் ரிடையர் ஆனேன். அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஃப்ளாட் ரேட் இன்னும் ஏறும் என்றார்கள். நானும் ஏறட்டும் என்றிருந்தேன்.

2016 ஜனவரி கடைசியில் குப்பைமேடு பற்றிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் புகை விண்கோள் படத்திலேயே தெரிந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மூன்று ராத்திரி இவளைச் சாய்த்து உட்காரவைத்து, ஈரத்துணியைக் கதவிடுக்கில் செருகி, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் மறுபடி தீ. அதன்பிறகு நான் ரேட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்குப் போக ஓர் இடமும் பென்ஷனும் இருந்தன. மேட்டை ஒட்டிச் சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் இருப்பவர்களுக்கு எங்கே போவது? 2009-ல் வந்த மும்பை மனிதவள அறிக்கையில் நமது எம் கிழக்கு வார்டுதான் கடைசி. 2024-ல் தாராவிக்காரர்களுக்கு வீடு கட்ட இந்தக் குப்பைமேட்டு நிலத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். தாராவியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே கிளம்புங்கள் என்று நான் சொல்வது கிளம்பமுடிந்தவர்களுக்கு மட்டும்.

எங்கள் பில்டிங்கில் மூன்றாம் மாடி மாமா ஒருவர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கம் அவருக்கு. இரண்டு குடும்பமும் சேர்ந்தே போய், பக்கத்துப் பக்கத்து வீடாகப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. கடைசி நேரத்தில், "நீங்கள் முன்னால் போங்கோ, ரீடெவலப்மென்ட் கையெழுத்தாகட்டும், புது ஃப்ளாட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வருகிறேன்" என்றார். நான் 2017-ல் வந்த விலைக்கு விற்றேன். என் மைத்துனன் அதை இன்னமும் சொல்லிக் காட்டுகிறான். மாமா பில்டர் கொடுத்த வாடகையில் மான்குர்தில் ஐந்தாம் மாடியில் காத்திருந்தார். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. போனில் பேசும்போதெல்லாம் திண்ணை காலியாக இருக்கிறதா என்று கேட்பார். 2021 ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டார். மாயவரத்திலும் அந்த மாதங்களில் போனவர்கள் உண்டு. அதனால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். நாலு வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பில்டிங் 2023-ல் முடிந்தது. ஹால் பெரிசாகத்தான் இருக்கிறதாம்.

மாயவரம் ஸ்வர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கொசு இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் சாக்கடை பொங்குவதும் உண்டு. அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்தினால் இவளுக்கு இன்ஹேலர் வேண்டும், முன்னைவிடக் குறைவு, அவ்வளவுதான். 2005 ஜூலை 26-ல் இங்கே சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது என்று பயந்துபோய் அங்கே போனால், 2022 நவம்பரில் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டிற்று. 2024 ஏப்ரலில் ஊருக்குள் சிறுத்தையே வந்துவிட்டது. போரிவலிக்காரர்களுக்கு இது பெரிசில்லை. எங்கள் தெருவில் ஒரு வாரம் சாயங்கால நடை நின்றது.

பெரிய குறை வைத்தியம். சாதாரண ஜுரத்துக்கு டாக்டர் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார். மாரடைப்பு என்றால் கும்பகோணமோ தஞ்சாவூரோ ஓடவேண்டும். 108 வண்டி 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, வருகிறது. ஆனால் தஞ்சாவூர் எழுபது கிலோமீட்டர். ஆகவே வீடு பார்க்கும்போது வாசலுக்கு வண்டி வருமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் என்று முதலில் கேளுங்கள், கோயில் எத்தனை அடி என்பதை அப்புறம் கேட்கலாம். எழுபது வயதானவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து ஆயுஷ்மான் திட்டத்தில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. கார்டை இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள். பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதைக் காட்ட இங்கே வரவேண்டாம். 2014-லிருந்து ஜீவன் பிரமாண் வந்துவிட்டது.

இன்னொரு குறையும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் ஆறு மாசம் இவள் பேச ஆளில்லாமல் தவித்தாள். அங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் மூன்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள், நாங்கள் "பம்பாய்க்காரா". 2005 வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் குர்லாவிலிருந்து நடந்து வந்தபோது, முகம் தெரியாத ஒரு பையன் என் கையைப் பிடித்து மேன்ஹோலைச் சுற்றிக் கூட்டிவந்தான், பிஸ்கட்டும் கொடுத்தான். அந்த மாதிரி மனுஷாளை விட்டுவிட்டுத்தான் போகிறோம். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். மூன்று நாலு குடும்பமாகப் போங்கள். போனவுடன் வாங்காதீர்கள். ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள், சித்திரை வெயிலும் கார்த்திகை மழையும் பார்த்தபிறகு பத்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அறுபதில் போங்கள். எழுபத்தைந்தில் போனால் ஊரோடு சிநேகம் பண்ண உடம்பில் தெம்பிருக்காது.

இளைஞர்கள் நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். வேலையும் இப்போது கொஞ்சம் நகர்கிறது. ஸோஹோ கம்பெனி 2011-ல் தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டது. அப்போது அதன் தலைவராக இருந்த ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறை கிராமத்துக்கே குடிபோனார். தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024 செப்டம்பரில் சிறு டைடல் பூங்கா திறந்தார்கள். எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடாது, தெரியும். பெங்களூரிலும் புனேயிலும் உள்ள நம் அங்கத்தினர்கள், கம்பெனி அனுமதித்தால் வருஷத்தில் இரண்டு மாசமாவது ஊரிலிருந்து வேலை செய்து பார்க்கலாம். என் பிள்ளை செய்கிறான். நெட் நின்றுபோனால் கத்துகிறான்.

பார்க்க வருகிறவர்கள் ஐப்பசி கடைசியில் வாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறை காலியாகத்தான் இருக்கிறது. துலாக் கட்டத்தில் கடைமுக ஸ்நானமும் ஆகும், மழையில் எங்கள் தெரு எப்படியிருக்கும் என்பதும் தெரியும். முன்வரிசையிலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறாள்.