மெஷினுக்கு முன் பாடம்

நூற்பு இயந்திரங்களுக்குப் பெயர்போன ரீட்டர் நிறுவனம் 1795-இல் தொடங்கியது சுவிட்சர்லாந்தின் இந்த வின்டர்தூரில்தான். ஸ்டெக்போர்னில் 1893-இல் தொடங்கிய பட்டறையிலிருந்து பின்னாளில் பெர்னினா தையல் மெஷின் வந்தது. அதனாலோ என்னவோ, தையல் வகுப்பைச் சிறுதொழிலாக நடத்த நினைத்தால் மனம் முதலில் மெஷினிடம்தான் ஓடுகிறது. ஆனால் பாடம்தான் முதலில் தயாராக வேண்டும் என்பேன். நெடுங்காலம் தைத்தவருக்கு, தான் செய்வதை வாயால் சொல்ல வராது. சாறிச் சட்டைக்குக் கை வைப்பதையே பாருங்கள். கையின் மேல்வளைவு, அது பொருந்தும் உடல்வளைவைவிடச் சற்று நீளமாக இருக்கும். அந்த மிகுதியைச் சுருக்கம் விழாமல் பரப்புவதை, பழகியவரின் விரல்நுனி தானே பார்த்துக்கொள்ளும். புதியவருக்கோ எங்கே குண்டூசி குத்துவது, எந்தத் துணி மேலே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆகவே வகுப்புக்கு முன் ஒரு சட்டையை மிக மெதுவாகத் தைத்து, கை தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் எழுதிவையுங்கள்.

கடையில் உடுப்பு மலிவாகக் கிடைக்கையில் யார் படிக்க வருவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உடலுக்குப் பொருந்தும் சாறிச் சட்டை அந்தக் கடைகளில் தொங்குவதில்லை. காற்சட்டையின் நீளம் குறைக்கவும் இங்கே நல்ல காசு கொடுக்க வேண்டும். ஜெர்மன் போதாதே என்பது அடுத்த தயக்கம். கைவேலையில் பாதியைக் கண்ணே படித்துவிடும். மீதிக்கு நாடெல், ஃபாடன், நாட், சவும் என்று ஊசி, நூல், தையல், கீழ்மடிப்பு ஆகியவற்றின் பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

நம் சனத்திடம் அதிகம் வாங்கலாமா என்ற கூச்சம் இன்னும் பெரியது. இரண்டு மணி நேர வகுப்புக்குத் துணி வெட்டிவைக்கும் நேரம், அறை வாடகை, மெஷின் பராமரிப்பு எல்லாம் உண்டு. சுயதொழில் செய்பவருக்கு முதியோர் காப்புறுதியில் பாதியைக் கட்ட முதலாளி கிடையாது. இவற்றைச் சேர்க்காத கட்டணம், ஆசிரியரே கைக்காசு போடும் கட்டணம். சூரிச் மாநிலச் சமூகக் காப்புறுதி நிறுவனத்தில் பதிவதையும் வதிவிட அனுமதி இத்தொழிலுக்கு இடம் தருகிறதா என்பதையும் முதலிலேயே கேட்டறியுங்கள். ஆண்டு மொத்த விற்பனை வரவு 1,00,000 பிராங்கைத் தொடாத தனியார் தொழில், வணிகப் பதிவேட்டில் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை.

முதல் வகுப்பில் துணியே வேண்டாம். தாளில் கோடு, வளைவு, மூலை வரைந்து, நூல் கோக்காத மெஷினில் மாணவர்கள் ஓட்டட்டும். மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கி நிற்க, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்பப் பழகியவருக்கு, அடுத்த வாரம் தலையணை உறை கொடுக்கலாம்.