பல்லாவரத்தில் குளிர்ந்த வீடு



வீடு கட்டக் கடன்பட்ட குடித்தனக்காரர், அவ்வீட்டைக் குளிர்விக்க மாதந்தோறும் மின்சாரத்திற்கும் பணம் செலுத்துவது பரிதாபம். திட்டம் போடும்போதே யோசித்தால் இச்செலவைப் பெரும்பாலும் குறைக்கலாம்.

பல்லாவரத்துக் கருங்கல் பிரசித்தமானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையிலுள்ள கல்லும் இவ்வினமே. அதனாலேயே இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வந்தது. பழைய வீடுகளை இடிக்குங்கால் கிடைக்கும் இக்கல்லை வீணாக்காமல் புது அஸ்திவாரத்திற்கு உபயோகிப்பதே சிக்கனம்.

சுவருக்குச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டலாம். கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய இம்முறையில் செங்கல் ஏறக்குறைய 25 சதவிகிதம் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று உஷ்ணத்தைத் தடுக்கும். அவ்வெற்றிடத்தில் சாந்து விழாதபடி கொத்தனார் ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம்.

நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். மேற்கில் பெரிய ஜன்னல் வேண்டாம். பிற்பகற் கடற்காற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் வழி விடுக. வெயிலின் கொடுமை மிகுதியாய் இறங்குவது மேல்தளத்தின் வழியாகவே. ஆதலால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுக. செலவு சொற்பம், சுகமோ அதிகம்.