பழைய உணவும் பழைய முறையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ் இல்லங்களிற் சம்பல் இல்லாத காலையுணவு அரிது. அச்சம்பலுக்கு உயிராய் அமைந்த மிளகாயோ இந்நாட்டுக்கு உரியதன்று. மெக்சிக்கோ நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டுப் பேணிய பொருள் அது. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். அதன் பின்னரே மிளகாய் இங்கு வேரூன்றியது. அதற்கு முன்னர்க் கறிக்கு உறைப்பைத் தந்தது மிளகே. மிளகைப்போல் உறைத்த காயாதலின் மிளகாய் எனப் பெயரிட்டனர் தமிழர். பப்பாசியும் கொய்யாவும் தக்காளியும் சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவ்வாறே கடல் கடந்து வந்தவை.

பயிர் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்கு எளிதிற் சென்றுவிடும். அதனைச் சமைத்துண்ணும் அறிவு உடன் செல்லாதுபோயின் விளைவது யாது? சோளத்தின் வரலாறு இதற்கு விடை கூறும்.

மெக்சிக்கோ மக்கள் சோளத்தை வெறுமனே அவிப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைத்து, தோர்த்தியா என்னும் மெல்லிய ரொட்டியாகச் சுடுவர். அதனோடு அவரையினப் பருப்பும் மிளகாயும் சேர்த்து உண்பர். ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றனர். சுண்ணாம்பு நீரை விட்டுச் சென்றனர். சோளமே பெரும்பாலும் உணவாய் அமைந்த ஏழைகளிடையே தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கும் கொடுநோய் ஒன்று தோன்றிற்று. 1735ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசால் அதனை விவரித்தார். பெலாக்ரா என்பது அதன் பெயர். அது தொற்றுநோயன்று, உணவுக் குறையால் வருவதே என்பதை 1914 முதல் அமெரிக்காவில் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பேர்கர். சோளத்தில் நயசின் என்னும் உயிர்ச்சத்து உண்டு; ஆயினும் அது கட்டுண்டு கிடக்கின்றது. அக்கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு நீர். நூலறிவு கண்டுபிடிக்கும் முன்பே அடுக்களை அறிவு அதனைக் கைக்கொண்டிருந்தது.

அரிசியின் கதையும் இதனை ஒத்ததே. நன்றாகத் தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீங்காத அரிசியை உண்டதும் தேறியதையும் யாவாத் தீவில் கிறிஸ்தியான் ஐக்மன் கண்டார். அவருக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. ஆகவே யாழ்ப்பாணத்து மூதாட்டியர் மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்து, காயவைத்து, குற்றிச் சமைத்தது வீண் உழைப்பன்று.

இனிக் கொழும்பு நகரை நோக்கலாம். நீரிழிவு என்னும் சொல் இன்று வீட்டுக்கு வீடு கேட்கின்றது. நோய் கண்டவுடன், “இனிப் புட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை” என்று மனம் உடைவோர் பலர். குற்றம் புட்டின்மீது மட்டும் உள்ளதா? ஊரில் தவிட்டரிசியும் குரக்கனும் பயறும் கீரையும் ஒன்றாய் இலையில் விழுந்தன; உண்டவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார். நகருக்கு வந்த குடும்பம் சோற்றையும் புட்டையும் உடன் கொணர்ந்தது. தவிட்டையும் கீரையையும் உடலுழைப்பையும் வழியில் விட்டது. அரிசி மாவின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. இரவிற் கொத்து ரொட்டியும், அதனுடன் இனிப்புப் பானமும் வந்தன. மெக்சிக்கோவும் இவ்வழியிற் சென்றதே. அந்நாட்டின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. அதே நாடு 2014இல் இனிப்புப் பானங்களுக்குத் தனிவரி விதிக்க வேண்டியதாயிற்று.

எனவே விட்டுவந்தவற்றை மீட்பதே வழி. அது கடினமன்று. நீற்றுப்பெட்டியில் ஆவியில் வேகும் புட்டுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. சிவப்பரிசி மாவோடு குரக்கன் மாவைக் கலந்து குழைத்தால் மணமும் கூடும், நாரும் கூடும். ஆயினும் குரக்கனிலும் மாச்சத்து உண்டு. குரக்கன் என்பதற்காக அளவின்றி உண்ணலாகாது. தேங்காய்ப்பூவைக் கைநிறைய அள்ளாது மணத்துக்கு மட்டும் தூவலாம். சொதிக்கு முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டலாம். வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் கிடைக்கின்றன. தட்டிற் பாதியை வறையும் மரக்கறியும் நிரப்பட்டும். காற்பங்கிற் சோறு, காற்பங்கில் மீன் அல்லது பருப்பு அமையட்டும். வறையின்மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அப்பயன் குறையும். ஒரு மணி நேரம் பொறுப்பது நன்று. உப்பு, நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் அக்கணக்கிற் சேர்ந்தவையே என்பதை மறத்தலாகாது.

நீரிழிவுக்கு மருந்து உண்போர், உணவின் அளவை மாற்றுமுன் தம் மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும். மருந்தின் அளவும் உணவின் அளவும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை.

நோயாளிக்கெனத் தனியே ஒரு கஞ்சி காய்ச்சி, அவரை ஒரு மூலையில் இருத்தி உண்பிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதனால் நாவும் சலிக்கும், உள்ளமும் சோரும். சில நாட்களில் அவர் ஒளித்து உண்ணத் தொடங்குவார். மாறாக, வீட்டார் அனைவரும் மேற்கூறிய உணவையே ஒருங்கிருந்து உண்டால், நோயுற்றவருக்கு அது தண்டனையாகத் தோன்றாது. நோயற்ற பிள்ளைகளுக்கு அதுவே காவலாகும். புட்டும் சொதியும் சம்பலும் அவ்வீட்டைவிட்டு நீங்க வேண்டியதில்லை. அவற்றோடு பிறந்த முறை மட்டும் திரும்பி வந்தாற் போதும்.