மூட்டு மாறினால் போதாது, படியும் மாற வேண்டும்

(கண்டியில் கூடிய மாதர் பிரிவுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவர் பேசியது)



இந்த மேடைக்கு வர ஐந்து படி. யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் கீழே நாற்காலியில் இருந்துதான் பேசியிருப்பேன். அந்தக் கதையைத்தான் சொல்லச் சொன்னார்கள்.

19 வயதில் பேர் பதிந்து 31 வருடம் கொழுந்து எடுத்தேன். லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை போட்டார்களே, அந்த மலைக்குப் பக்கத்து மலைதான் எங்களுடையது. காலையில் பிரட்டுக்களம், பிறகு ஏற்றம், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறக்கம். ஏறும்போதைவிட, பாரத்தோடு இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் அடி வாங்கும்.

நோவு தொடங்கியபோது "வயசு, வாதம்" என்று விட்டுவிட்டேன். கடையில் நோவுக் குளிசை வாங்கி விழுங்கினேன். அது பெரிய பிழை. அந்தக் குளிசைகளை வைத்தியரிடம் கேட்காமல் மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். 50 வயதில் ஈ.பி.எப். பணம் வந்தது. மகள் கல்யாணத்தோடு முடிந்தது. முழங்காலைப் பற்றி அப்போது யார் நினைத்தது?

கடைசியில் லயத்து வாசலில் இருந்து பீலிக்குப் போகவே முடியாமல் போனது. பேத்தியைப் பிள்ளை மடுவத்தில் விட்டு வரவும் ஆள் தேட வேண்டியதாயிற்று. அப்போதுதான் கிளினிக் கொப்பியோடு டவுனுக்குப் போனேன்.

வைத்தியர் படத்தைக் காட்டி விளக்கினார். எலும்பு முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கும். அது தேய்ந்தால் எலும்பும் எலும்பும் உரசும். எடை குறைத்து, தொடைக்குப் பயிற்சி கொடுத்துப் பலர் சமாளிக்கலாம். எல்லாருக்கும் வெட்டத் தேவையில்லை. என் கால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. தேய்ந்த முனைகளைச் சீவி உலோகம் பொருத்தி, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைப்பார்கள். பெரும்பாலானவை 15, 20 வருடத்துக்கு மேல் உழைக்கும்.

நான் பயந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா வாஜ்பாய் கதையைச் சொன்னார். இந்தியப் பிரதமராக இருந்தபோதே அவருக்கு 2000 ஒக்டோபரில் ஒரு முழங்கால், 2001 ஜூனில் மற்றது, இரண்டும் மும்பையில் மாற்றினார்கள். வயது 75ஐத் தாண்டிவிட்டது. மாற்றிய வைத்தியர் ரணவத், 1970களில் நியூயோர்க்கில் இந்தச் செயற்கை மூட்டை உருவாக்கியவர்களில் ஒருவராம். இரண்டாவது காலை மாற்றிய அடுத்த மாதமே ஆக்ராவில் பேச்சுவார்த்தைக்குப் போனார். 2004 வரை பிரதமராகவும் இருந்தார். "அவருக்கு முடிந்தால் மலை ஏறின உனக்கு முடியாதா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

சத்திரசிகிச்சை செய்வது வைத்தியர். நடக்க வைப்பது நம்முடைய வேலை. மறுநாளே எழுந்து நிற்கச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் வோக்கரைப் பிடித்து நின்றேன். பிசியோ சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். குதிக்காலுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி, காலை நீட்டுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், இரத்தம் கட்டாமல் இருக்கும். ஊன்றுகோல் வெட்டிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வெட்டிய கால் முதலில்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் வந்து காயத்தில் நீர் கசிந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெட்டுவதற்கு முன்பே அதைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் காயத்தில் கிருமி பிடிக்கும்.

மூன்று மாதத்தில் தடியை விட்டேன். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் எடுத்தது. இன்று கோயிலுக்கு நடக்கிறேன். மரக்கறித் தோட்டம் கொத்துகிறேன். பேத்தியைப் பிள்ளை மடுவத்தில் விடுவதும் நான்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் அழுதது நோவால் இல்லை. எங்கள் கக்கூஸ் குந்தி இருப்பது. புது மூட்டோடு குந்த முடியாது. லயத்துக்குப் போக மண் படி, கைபிடி கிடையாது. பிரதமருக்கு வைத்தியர் மட்டுமா இருந்தார்? நல்ல கக்கூஸும் சமமான தரையும் இருந்தன. எனக்கு என் மகன் பழைய நாற்காலியின் நடுவை அறுத்துக் கொடுத்தான். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் படிக்கு ஓரமாக மூங்கில் கட்டினார்கள். அது இல்லாவிட்டால் அந்த மூட்டு வீண்தான்.

அதனால் சங்கத்திடம் மூன்று விடயம் கேட்கிறேன். ஒன்று, தோட்ட நிர்வாகத்தோடு பேசும்போது சம்பளத்தோடு சேர்த்து லயத்துப் படிக்குக் கைபிடியும், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு உட்காரும் கக்கூஸும் கேளுங்கள். இரண்டு, கொழுந்தைப் பெண்கள் தலையில் சுமந்து இறங்காமல், நிறை முடியும் இடத்திலேயே நிறுத்து எடுக்கச் சொல்லுங்கள். மூன்று, முழங்கால் நோவு என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று விரட்டாமல் இலேசான வேலை கொடுக்கச் சொல்லுங்கள்.

தாய்மாரே, உங்களிடமும் ஒன்று. நோவைப் பொத்தி வைக்காதீர்கள். முதல் வருடமே கிளினிக்குக் கொப்பி போடுங்கள். காத்திருப்போர் வரிசை எவ்வளவு, மூட்டு அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். எட்டு வருடம் தள்ளிப்போட்டு எட்டு வருடத்தையும் இழந்தவள் சொல்கிறேன்.

இப்போது இறங்கப் போகிறேன். பாருங்கள், வெட்டிய கால்தான் முதலில்.